தியாகிகளுக்கும் ஒரு குடிமராமத்து

1857-ல் அலகாபாத்தில் கர்னல் ஜேம்ஸ் நீல் தூக்கிலிட்ட மனிதர்களுக்கும் கடலூர் முதுநகருக்கும் என்ன உறவு? ரத்த உறவு இல்லை, மொழி உறவு இல்லை, சாதி உறவும் இல்லை. இடையில் எழுபது ஆண்டுகள் வேறு ஓடிவிட்டன. ஆனாலும் 1927-ல் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலை அம்மாள், கணவர் முருகப்பாவையும் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். மவுண்ட் ரோட்டில் கம்பீரமாக நின்றிருந்த நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு, குடும்பத்தோடு கைதானார்.

இந்தச் செய்தி நம் மாவட்டப் பள்ளிகளில் இரண்டு வரியாகச் சொல்லப்பட்டு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் நின்று யோசித்தால்தான் அதன் கனம் தெரியும். நீல், மதராஸ் படைப்பிரிவைக் காசிக்கும் அலகாபாத்துக்கும் நடத்திக்கொண்டு போனவர். வழியெங்கும் மரங்களில் ஆட்களைத் தொங்கவிட்டவர். கான்பூரில், கைதிகளைத் தூக்கிலிடும் முன் தரையிலிருந்த ரத்தத்தை நாக்கால் நக்கவைத்தவர். லக்னோவில் அவர் குண்டடிபட்டுச் செத்ததும் ஆங்கிலேயர் அவருக்குச் சென்னையில் சிலை வைத்தார்கள். தூக்கிலிட்டவனுக்கு வெண்கலம் கிடைத்தது. தூக்கில் தொங்கியவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்காகத்தான் கடலூரிலிருந்து ஒரு தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். பத்து ஆண்டு கழித்து, 1937-ல், ராஜாஜி ஆட்சியில் அந்தச் சிலை மவுண்ட் ரோட்டிலிருந்து இறங்கியது. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

செத்தவர்களை நினைப்பது சொந்தக்காரர்களின் வேலை, சாதிக்காரர்களின் வேலை, கட்சிக்காரர்களின் வேலை என்று இன்று நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, அதற்கு அஞ்சலை அம்மாள் அன்றே கொடுத்த பதில் அது. அந்தப் பதிலை இந்த மாவட்டம் இன்னும் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதுதான் என் குறை.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டவர். நிறைமாதக் கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்து, பிரசவத்துக்காக வெளியே வந்து, பிள்ளை பெற்ற கையோடு மறுபடி உள்ளே போனவர். அந்தப் பிள்ளைக்கு ‘ஜெயில் வீரன்’ என்றே பெயர் நிலைத்தது. மகள் அம்மாக்கண்ணுவைக் காந்தி வார்தாவுக்கு அழைத்துப்போய் லீலாவதி என்று பெயர் வைத்தார். காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலை அம்மாளைச் சந்திக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். அம்மாளோ பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து சந்தித்துவிட்டார். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி அவரைச் சொன்னது அப்படித்தான். 1937-ல் சட்டசபைக்கும் போனார். 1961 பிப்ரவரி 20-ல் காலமானார்.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது ஒரு வாய்க்கால். பரங்கிப்பேட்டைப் பக்கம் தீர்த்தாம்பாளையத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வீராணம் கால்வாயிலிருந்து ஒரு கிளை வெட்டி அந்த ஊருக்குத் தண்ணீர் வரும்படி செய்தார் அம்மாள். அதை மக்கள் அஞ்சலை வாய்க்கால் என்றார்கள். அரசாணையோ, திறப்பு விழாவோ, ரிப்பனோ தேவைப்படவில்லை. தண்ணீர் வந்த ஊர், தானாகப் பெயர் வைத்தது.

அதே பரங்கிப்பேட்டையில் முன்னொரு காலத்தில் டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்துத் துணி வாங்கினார்கள். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று நம் கரையெங்கும் அவர்களின் சுவடு உண்டு. அடுத்தவன் நாட்டைப் பிடித்து ஆண்ட அவர்களின் நெதர்லாந்தே 1940 மே மாதத்தில் ஜெர்மனியின் பிடிக்குள் போனது. ஐந்து ஆண்டு அடிமைத்தனம் எப்படி இருக்கும் என்று அவர்களும் பார்த்தார்கள்.

1941 பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாமில் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டித்து டிராம் தொழிலாளிகளும் துறைமுகத் தொழிலாளிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்குக் கூலி உயர்வு கேட்டு அல்ல, பக்கத்து வீட்டு யூதருக்காக. மார்ச் 13-ல் தி ஹேக் நகருக்கு வெளியே வால்ஸ்டார்ப் மணல்வெளியில் 18 பேரை ஜெர்மானியர் நிறுத்திச் சுட்டார்கள். அவர்களில் 15 பேர், பெர்னார்டஸ் ஐசர்ட்ராட் என்ற ஆசிரியர் தொடங்கிய ரகசியக் குழுவைச் சேர்ந்தவர்கள். மூன்று பேர் அந்த வேலைநிறுத்தத்தில் பிடிபட்டவர்கள். போர் முடிவதற்குள் அதே மணல்வெளியில் 250-க்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். ஹார்லெம் நகரத்தை ஒட்டிய மணல்மேடுகளில் 1945-ல் தோண்டியபோது 422 உடல்கள் கிடைத்தன. அவர்களில் 372 பேரை அந்த மேட்டிலேயே மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 371 ஆண்கள், ஒரே ஒரு பெண். அந்தப் பெண் ஹன்னி ஷாஃப்ட். சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவி. விடுதலைக்கு மூன்று வாரம் கூட இல்லாதபோது, 1945 ஏப்ரல் 17-ல் அவரைச் சுட்டார்கள்.

இன்று அந்த நாட்டில் மே 4 மாலை எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் எல்லாமே நிற்கும். டிராம் நிற்கும், கடை நிற்கும், தொலைக்காட்சியில் பேச்சு நிற்கும். வால்ஸ்டார்ப் மணல்வெளியில் இருக்கும் பெரிய மணியைத் தன்னார்வலர்கள் அடிப்பார்கள். ஜனங்கள் வரிசையில் நடந்து போவார்கள். மேடை, மைக், தலைவர் உரை எதுவும் அங்கே கிடையாது. அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு தடித்த புத்தகம் வைத்திருக்கிறார்கள். போரில் உயிர் கொடுத்த ஏறத்தாழ 18,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்ட புத்தகம். தினமும் ஒரு பக்கம் புரட்டப்படுகிறது. பள்ளிக்கூடங்கள் ஆளுக்கொரு நினைவுச்சின்னத்தைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. பூ வைப்பது, அந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது, அடுத்த வகுப்புக்கு அதைக் கைமாற்றுவது, எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு.

இதைப் படித்ததும் ‘பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்’ என்று பெருமூச்சு விடத் தேவையில்லை. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஹன்னி ஷாஃப்ட் இடதுசாரிகளோடு சேர்ந்து போராடியவர். பனிப்போர் வந்ததும் அந்தப் பெயரே அரசுக்கு ஆகாமல் போனது. 1951-ல் அவருடைய கல்லறைக்கு ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தக் கிளம்பியபோது, தடை போட்டுப் போலீசும் கவச வண்டிகளும் வழிமறித்தன. நாஜிகள் சுட்டுக் கொன்ற பெண்ணுக்குப் பூ வைக்க விடாமல், விடுதலை பெற்ற அவரது சொந்த நாடே தடுத்தது. அவருக்குச் சிலை வைக்க 1982 வரை ஆனது. அந்தச் சிலையைச் செய்ததும் அவரோடு துப்பாக்கி ஏந்திய தோழி ட்ரூஸ்தான். போதாக்குறைக்கு, தங்கள் விடுதலையைக் கொண்டாடிய கையோடு அவர்கள் இந்தோனேசியாவுக்குப் படை அனுப்பினார்கள். 1947-ல் ராவாகெடே என்ற கிராமத்தில் டச்சுப் படை செய்த படுகொலைக்கு மன்னிப்புக் கேட்க 2011 வரை இழுத்தடித்தார்கள். தன் தியாகிகளை நினைப்பதால் மட்டும் ஒரு நாடு யோக்கியமாகிவிடாது. அந்த நினைவு கட்சிகளின் கையிலிருந்து ஊரின் கைக்கு மாற அவர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி.

இனி நம் பக்கம் வருவோம்.

போர்க்காலத்தில் நம் மண்ணிலும் தூக்குக்கயிறு ஓய்வெடுக்கவில்லை. 1942-ல் பினாங்கில் பயிற்சி பெற்று, சிலர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரையில் தானூரிலும், மற்றவர்கள் வேறு வழிகளிலும் வந்து இறங்கிய இளைஞர்கள் பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர், ஃபௌஜா சிங், சத்யேந்திர சந்திர பர்தன், ஆனந்தன் ஆகிய நால்வரையும் 1943 செப்டம்பர் 10-ல் சென்னை மத்திய சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், ஒரு வங்காளி, ஒரு மலையாளி. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தச் சிறை 2006-ல் புழலுக்கு மாறியது. பழைய கட்டடத்தை 2009-ல் இடித்தார்கள். அங்கே இப்போது மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ரயிலேறிப் போய் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடக்கும் நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு அந்த நான்கு பெயர்கள் தெரியும்?

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த இளைஞர்களை அனுப்பிவைத்த அதே ஜப்பான், அந்தமானைப் பிடித்து வைத்திருந்தபோது, உளவாளிகள் என்று பழி சுமத்தி 1944 ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்களைச் சுட்டுப் புதைத்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்திய சுதந்திர லீக்கில் இருந்தவர்கள். சில நாள் முன்புதான் டாக்டர் திவான் சிங் சிறைச் சித்திரவதையில் இறந்திருந்தார். சயாம்–பர்மா ரயில் பாதை போட மலேயாத் தோட்டங்களிலிருந்து வாரிச் சென்று சாகவிட்ட பல்லாயிரம் தமிழ்க் கூலிகளின் கதையும் இந்தக் கணக்கில்தான் வரும். நம் கரையோரக் கிராமங்களிலிருந்து மலேயாவுக்குக் கப்பலேறிப் போன குடும்பங்கள் எத்தனையோ. யாரை நினைப்பது, யாரை விடுவது என்று கட்சி பார்த்து முடிவு செய்தால் இவர்களில் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். இந்தப் பட்டியலில் எந்தக் கொடிக்கும் முழுதாகப் பொருந்துகிறவர் ஒருவரும் இல்லை.

சிதம்பரத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1965 ஜனவரி 27-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. சிவகங்கையிலிருந்து படிக்க வந்திருந்த ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்துபோனார். இரண்டு ஆண்டில் ஆட்சி மாறியது. அதன்பின் ராஜேந்திரனுக்குச் சிலை எழுந்தது. அண்ணாமலை நகரில் இன்று அது ஓர் அடையாளம். ‘ராஜேந்திரன் சிலைகிட்ட இறக்கி விடுங்க’ என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். ஜனவரி 25-ல் மாலைகள் குவியும். கட்சிக்கு ஒரு மாலை, அணிக்கு ஒரு மாலை, போட்டோவுக்கு ஒரு வரிசை. மறுநாள் காய்ந்த மாலையை எடுப்பதற்குத்தான் ஆள் இருக்காது.

அதே வளாகத்தில் 1971-ல் இன்னொரு மாணவர் இறந்தார். அன்றைய முதல்வருக்குப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தபோது மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. பிறகு உதயகுமார் என்ற மாணவரின் உடல் வளாகத்துக் குளத்தில் கிடந்தது. எழுந்த கேள்விகளை விசாரிக்க ஆணையம் அமைக்கப்பட்டது. ராஜேந்திரனைப் பேசுகிறவர்கள் உதயகுமாரைப் பேசுவதில்லை. உதயகுமாரைப் பேசுகிறவர்கள், எதிராளியைக் குத்துவதற்காக மட்டும் அந்தப் பெயரை எடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகள், ஒரே ஊரின் கடைகளில் டீ குடித்தவர்கள். ஊருக்கு அந்த இருவரிடமும் ஒரே கடமைதான் இருக்க முடியும். யார் ஆட்சியில் யார் செத்தார் என்பது வரலாற்று மாணவனுக்கு வேண்டிய கேள்வி. பூ வைக்கப் போகிறவனுக்கு அது வேண்டாம்.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். 1950 பிப்ரவரி 11-ல், குடியரசாகி மூன்று வாரம்கூட நிரம்பாத நாட்டில், சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களை ஒரு கட்சி மட்டும் நினைக்கிறது. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் நினைவு நாளுக்கு என்ன கதி? சிவகங்கைச் சீமையில் ஒவ்வோர் அக்டோபரிலும் 144 தடையுத்தரவு, வாகனச் சோதனை, ஆயிரக்கணக்கில் போலீஸ். வெள்ளைக்காரனை எதிர்த்து எல்லாச் சாதிக்காரர்களையும் அறைகூவி அழைத்த இருவரின் பெயரால் இரண்டு கிராமங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன. தியாகியைச் சாதிக்கு எழுதிக்கொடுத்தால் கடைசியில் அது போலீஸ் பந்தோபஸ்தில்தான் போய் முடிகிறது.

அஞ்சலை அம்மாளும் அந்தப் பாதையில் போய்விடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழகத்தின் மாநாட்டில் அவருடைய கட்அவுட் பெரிதாக நின்றது. யார் இந்த அம்மா என்று எத்தனையோ இளைஞர்கள் அன்று செல்போனில் தேடியிருப்பார்கள். நல்லதுதான். காங்கிரஸ்காரர்கள் அவர் எங்களவர் என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆளும் கட்சி தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு வெளியிடும். சாதிச் சங்கச் சுவரொட்டியும் கிளம்பும். எல்லோரும் உரிமை கொண்டாடலாம். தீர்த்தாம்பாளையம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டினால் அதை வாரப் போவது இவர்களில் யார்?

உரிமை கொண்டாட ஆயிரம் பேர், பராமரிக்க ஆள் இல்லை. நம் தியாகிகள் விஷயத்தில் நோய் இதுதான். இதற்கு மருந்து நம் ஊர்களிலேயே இருந்தது. ஏரியின் கரை உடையாமல் பார்ப்பதும் மதகைச் சீர்செய்வதும் சர்க்கார் வேலை என்று அன்று யாரும் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு கிளம்பினார்கள். குடிமராமத்து என்றார்கள். வராதவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். நினைவுக்கும் அப்படி ஒரு மராமத்து முறை இருந்தால்தான் அது நிற்கும்.

எதை மராமத்து செய்வது என்று கேட்பவர்கள், தங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி 1972-ல் நாடு முழுக்க ஒன்றியத் தலைமையிடங்களில் கல்தூண் நட்டார்கள். ஒரு பக்கம் அரசியல் சட்டத்தின் முகப்புரை, மறுபக்கம் அந்த ஒன்றியத்துத் தியாகிகளின் பெயர்கள். இந்தத் தூண்கள் பல இடங்களில் என்ன நிலையில் நிற்கின்றன என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் மோட்டார் சைக்கிள்கள். ஒரு மூலையில் உடைந்த நாற்காலிகள். ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் மரியாதை என்ற பெயரில் அடிக்கும் சுண்ணாம்பும் பெயிண்டும் எழுத்துகளின் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே வர, விரலால் தடவிப் பார்த்தால்தான் ‘கோ’வா ‘கே’யா என்று தெரிகிறது. பெயிண்ட் அடிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தூணை வெள்ளையாக்கச் சொன்னார்கள், ஆக்கினார். எழுத்துக்குக் கறுப்பு மை தீட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தூணுக்கும் பின்னால் ஒன்று இருக்கிறது, அதுதான் மூலம். தியாகி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது சிறை சென்றதற்குச் சான்று கேட்டார்கள். சிறைப் பதிவேடு கிடைக்காதவர்கள், உடன் சிறையிலிருந்தவரிடம் சான்று வாங்கி இணைத்தார்கள். ‘இன்னார் என்னோடு இந்தச் சிறையில் இத்தனை மாதம் இருந்தார்’ என்று இன்னொரு கைதி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள். ஒருவர் பட்ட கஷ்டத்துக்கு இன்னொருவர் சாட்சி. இந்த மாவட்டத்தின் சுதந்திரப் போராட்ட வரலாறு உண்மையில் எழுதப்பட்டிருப்பது அந்தக் கோப்புகளில்தான். அவை எந்த அலுவலகத்தில் எந்தப் பீரோவில் இருந்தாலும், கரையான் அரிப்பதற்குள் எடுத்து, படம்பிடித்து, சென்னை ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதியும் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு பிரதியும் தர வேண்டும். கடலூர் கேப்பர் மலைச் சிறையின் பழைய பதிவேடுகளுக்கும் இதே கதைதான். 1918 நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை பாரதியார் கடலூரில் சிறையிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பதிவேட்டில் பாரதியாக இல்லாத மற்ற பெயர்களும் இருக்கும். அவற்றை வாசித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கெடிலம் கரை தாண்டினால் பாதி ஊர் தண்ணீரில் நிற்கிறது, சிப்காட் பக்கம் காற்று மூக்கை அடைக்கிறது, கொள்ளிடக்கரைக் கிராமங்கள் ஒவ்வொரு மழைக்கும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கின்றன. இந்த லட்சணத்தில் செத்துப்போனவர்களுக்குப் பூ எதற்கு? கேட்கிறவரிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த மாவட்டமே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 26 காலையிலும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அன்றைக்குப் பெண்கள் சொம்பில் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றுவார்கள். பூத் தூவுவார்கள். வாய்விட்டு அழுவார்கள். அதிகாரி வருவார், எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள், அன்று பெரும்பாலும் வலைகள் கரையிலேயே கிடக்கும். பால் ஊற்றும் பெண்ணிடம், நீங்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது, அதே குப்பங்கள்தான் ஒருவரையொருவர் எழுப்பி மேட்டுக்கு அனுப்பின. செத்தவர்களைச் சேர்ந்து நினைக்கத் தெரிந்த ஊருக்கு, உயிரோடிருப்பவர்களையும் சேர்ந்து காப்பாற்றத் தெரிகிறது. இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. நம் கடற்கரைதான் பாடம்.

சேர்ந்து நினைப்பது இங்கே நமக்குக் கைவந்த காரியம் என்றால், அரசியலில் செத்தவர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது? சுனாமிக்கு எதிராளி இல்லை, துப்பாக்கிச் சூட்டுக்கு இருக்கிறான். அதுதான் காரணம். சுட்டவனின் கட்சி இன்றும் ஊரில் இருக்கும், சில நேரம் அவனுடைய பேரன் நம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் நான் பெரிய மணிமண்டபம் எதையும் கேட்கவில்லை. மண்டபம் கட்டினால் கல்வெட்டில் யார் பெயர் மேலே என்று சண்டை வரும். சிலைகள் மீது எனக்குப் பெரிய மோகமும் இல்லை. சிலை வைத்தவுடன் நம் கடமை தீர்ந்தது என்று ஊர் கையைக் கழுவிக்கொள்கிறது.

நான் கேட்பது சின்னக் காரியங்கள், ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. பல்கலைக்கழக வாசலில் ஜனவரி 27-ல் கொடி இல்லாமல் ஒரு கூட்டம் நடக்கட்டும். மொழிப்போர் தியாகிகள் தினம் 25-ல் கட்சிகளுக்கு இருக்கவே இருக்கிறது. அதை அவர்கள் தங்கள் வழியில் நடத்தட்டும். ராஜேந்திரன் உண்மையில் செத்த நாள் 27. அந்த நாளை மாணவர்களுக்கு விட்டுவிடலாம். ராஜேந்திரன் பெயரோடு உதயகுமார் பெயரையும் அன்று வாசிக்கட்டும். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் வருவதாக இருந்தால் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். யாருக்கும் பேச இடம் வேண்டாம். பெயர்களை வாசிக்க ஒரு குரல் போதும். சிதம்பரம் கடைவீதி வர்த்தகர்கள் அன்று இரண்டு நிமிடம் வியாபாரத்தை நிறுத்தினால் எந்தக் கல்லாவும் காலியாகிவிடாது. நடராஜர் கோயில் தேரோட்டத்துக்காக நான்கு வீதியையும் மணிக்கணக்கில் நிறுத்தத் தெரிந்த ஊர் இது.

பள்ளிகள் தத்தெடுக்கட்டும். முதுநகரில் ஒரு பள்ளி அஞ்சலை அம்மாளை எடுத்துக்கொள்ளட்டும். கேப்பர் மலைச் சிறைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி சிறைப் பதிவேட்டுப் பெயர்களை எடுத்துக்கொள்ளட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தூணில் இருக்கும் பெயருக்குரிய வீட்டைத் தேடிப் போய், பேரன் பேத்தியிடம் பேசி, நாலு பக்கம் எழுதி வரட்டும். இதற்கு மதிப்பெண் கொடுக்க ஆசிரியர்களுக்கு மனம் வேண்டும், அவ்வளவுதான். ‘போர்ஷன் முடியலை சார்’ என்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் வரலாற்றுப் பாடத்தில் கான்பூர் வரை போகிற பிள்ளைக்குத் தன் தெருவில் யார் சிறை போனார் என்று தெரியாவிட்டால் அந்தப் போர்ஷன் முடிந்துதான் என்ன?

குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தாத்தாவின் தாமிரப் பத்திரம் சுவரில் மாட்டியிருக்கும், கடிதக் கட்டு மட்டும் பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும். ஜெயிலில் இருந்து எழுதிய ஒரு போஸ்ட் கார்டு வீட்டில் கிடந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் நூலகத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள். பத்திரிகைக்காரர்களான எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மாலை போடும் தலைவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, மாலை விழும் மனிதரின் கதையை விட்டுவிடுகிறோம். ஆண்டுக்கு ஒரு நாளாவது இதை மாற்றிப் போடலாம்.

அரசு செய்ய வேண்டியது குறைவு, ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. கடலூர் இப்போது மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி. தங்கள் எல்லைக்குள் எத்தனை நினைவுத்தூண், நினைவுப்பெயர், கல்வெட்டு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, எதற்கு யார் பொறுப்பு என்று பெயர் போட்டு அலுவலக வாசலில் ஒட்டினால் போதும். பெயர் போட்டால் வேலை நடக்கும், ‘சம்பந்தப்பட்ட துறை’ என்று போட்டால் நடக்காது. கிராமங்களில் இதற்குப் புதிதாக ஒரு அமைப்பும் வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15-ல் கிராம சபை கூடத்தான் போகிறது. கணக்கு வாசிப்பதற்கு முன்பு அந்த ஊராட்சியில் சிறை சென்றவர்கள், சுடப்பட்டவர்கள், மலேயாவிலோ பர்மாவிலோ போரில் மாண்டவர்கள் பெயரை வாசிக்கட்டும். பெயர் தெரியவில்லை என்றால், தேடுவதற்கு நான்கு பேரைக் கூட்டத்திலேயே நியமித்து, அடுத்த கூட்டமான அக்டோபர் 2-ல் கேட்கட்டும். கட்சிக்கு ஒருவர் என்று அந்த நால்வரையும் போட்டால் இன்னும் நல்லது. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் சேர்ந்து தேடினால் பட்டியல் சுத்தமாக வரும்.

பரங்கிப்பேட்டை ஒன்றியத்துக்காரர்கள் இதில் முதலடி வைக்க வசதியாக இருக்கிறார்கள். கோடையில் கால்வாய் தூர்வாரும் வேலைகளின் பட்டியல் தயாராகும்போது, தீர்த்தாம்பாளையத்துக்குப் போகும் கிளையும் அதில் இருக்கிறதா என்று ஒன்றிய அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைக்கலாம். இல்லை என்றால் மனு எழுதலாம். மனுவில் எல்லாக் கட்சிக் கிளைச் செயலாளர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். வீராணத்துக்குக் கீழணையில் தண்ணீர் திறப்பதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.